செகண்ட் ஷிஃப்ட் போட்ட இசைத்தட்டு

பிப்ரவரி 3, 1974, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் மீன் குழம்பு வைத்தேன். மதியம் மதராஸ் ரெக்கார்டு கம்பெனியிலிருந்து சம்பத் என்பவர் சுரங்க ஆட்களின் இன்ஸ்டிட்யூட் ஹாலுக்கு வந்து எங்கள் ‘செகண்ட் ஷிஃப்ட்’ குழு வாசிப்பதைக் கேட்டார். எங்கள் குழு என்று எழுதிவிட்டேன். அவர்கள் குழு. எட்வின் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது விட்டுச்சென்ற பேஸ் கிட்டாரை, வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு ராக் பேண்டில் என்ன வேலை என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன்.

வந்தவர் பாவம், தொண்டை கிழியக் கத்திப் பேசினார். ஹாலுக்குப் பின்னாலேயே தாதுக்கல் நொறுக்கும் மில். எங்கள் தங்கவயலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான், காது கேளாதவர்களோடு பேசுவது போலப் பேசுவார்கள்.

“நீங்க வாசிக்கிறது எந்த வகை மியூசிக்?” என்று கேட்டார்.

“ராக் சார். பக்கா ராக்,” என்றான் ஆல்வின். கிட்டார், பாட்டு இரண்டும் அவன்தான். சுரங்கத்தில் எலக்ட்ரிக் வேலை.

“நம்மள்து கவ்வாலி சார்,” என்றார் ஜப்பார் அண்ணன். ஆர்மோனியத்தை விட்டால் தையல் மிஷின், தையல் மிஷினை விட்டால் ஆர்மோனியம்.

டிரம்ஸ் அடிப்பது தயாளன். காலை ஷிஃப்டில் பாறை உடைத்துவிட்டு நேராக வந்திருந்தான். அவன் பேசுவதே வாரத்துக்கு ஒரு முறைதான், அதுவும் டீ வேண்டுமா என்று.

ஏப்ரலில் மதராஸுக்கு வரச் சொல்லிவிட்டார் சம்பத். எல்.பி. இசைத்தட்டு, இரண்டு பக்கமும் நாங்களே. ஆல்வின் ஹாலிலேயே குட்டிக்கரணம் போட்டான். நான் பள்ளிக்கூட விடுமுறை எப்போது என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.


பிப்ரவரி 20, புதன்

கணக்கு நோட்டு திருத்தினேன். இந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் கடன் வாங்கிக் கழிக்க வரவில்லை. பேஸ் கிட்டாரால் விரல் நுனியெல்லாம் காய்த்துப் போய்விட்டது, சாக்பீஸ் பிடித்தால் எரிகிறது.


மார்ச் 10, ஞாயிறு

பெரிய சண்டை. எந்தெந்தப் பாட்டு ரெக்கார்டில் போவது என்று.

ஆல்வினுக்கு எல்லாமே இங்கிலீஷில், எல்லாமே ராக்காக வேண்டும். ஜப்பார் அண்ணனுக்குக் கவ்வாலி வேண்டும். பித்தளைக் குழல் ஊதுகிற கல்யாண பேண்டு மெட்டு ஒன்று இருக்கிறது, அது ஊரில் எல்லோருக்கும் பிடிக்கும். எங்கள் கோயில் ஞானப்பாட்டு மெட்டில் ஆல்வின் கிட்டாரை இழுத்து இழுத்து வாசித்தால் கல்லும் அழும். இதில் கடைசியாகத் தயாளன் தன் வாரத்துப் பேச்சைப் பேசினான்.

“சாவுக்கு அடிக்கிற அடி ஒண்ணு வெக்கலாமா?”

தயாளன் டிரம்ஸுக்கு வருவதற்கு முன் பறையடித்தவன். இப்போதும் காலனியில் யார் செத்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

“இன்னாடா இது?” என்றான் ஆல்வின். “சாவு மேளத்தைப் போட்டா ரெக்கார்டை எவன் வீட்டுல வெச்சுக்குவான்?”

தயாளன் குச்சிகளைத் துணியில் சுற்றினான். அப்படியே போய்விடுவான் போலிருந்தது.

நான் தலையிடவில்லை. எனக்கென்ன வந்தது? முதல் பக்கம் முழுக்க ஆல்வினுடைய இங்கிலீஷ் பாட்டு, இரண்டாம் பக்கம் மற்ற நாலும், தயாளனுடைய சாவு அடி கடைசிக்கு முன்னால், முடிவில் மேலே ஏறி வருகிற மாதிரி ஒரு பாட்டு புதிதாகக் கட்டிக்கொள்ளலாம், அதற்குப் பெயர் ‘கேஜ் மேலே வருது’ என்று மட்டும் சொன்னேன். ஷிஃப்ட் முடிந்து கேஜ், அதுதான் சுரங்கத்து லிஃப்ட், ஏறி வரும்போது வாசலில் நிற்கிற பெண்கள் சொல்கிற வார்த்தை அது. ஆல்வின் முணுமுணுத்துக்கொண்டே எழுதிக்கொண்டான். “சரிக்கா” என்றான்.


மார்ச் 17, ஞாயிறு

மீன் குழம்பு மீந்துவிட்டது. தயாளனுக்கு ஒரு தூக்கில் அனுப்பினேன். அம்மா பார்த்துவிட்டார்.

“சாவு வூட்டுல அடிக்கிற கைக்கு எங்க வூட்டுக் குழம்பு இன்னாத்துக்கு?”

“கெட்டுப்போயிடும்மா. அதான்.”

“காலையில வெச்ச குழம்பு மதியத்துக்குள்ள கெட்டுப் போகுதாம்,” என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னார். வெயில் காலம் வந்துவிட்டது, கெடத்தான் செய்யும்.


ஏப்ரல் 16, செவ்வாய்

ஈஸ்டர் முடிந்த கையோடு ரயில். டிரம்ஸ் பெட்டியை ஏற்றவிடாமல் டி.டி.ஆர். தகராறு செய்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசுகிற குரலில் இரண்டு வார்த்தை பேசினேன், ஏற்றிக்கொண்டார். ஜப்பார் அண்ணன் மனைவி கொடுத்துவிட்ட குஸ்காவை ஜோலார்ப்பேட்டை வருவதற்குள் தீர்த்துவிட்டோம். நான் அவர்களோடு வருவது சாமான்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக.


ஏப்ரல் 17, புதன்

ராயப்பேட்டையில் லாட்ஜ். எனக்கு அம்மாவின் சித்தி மகள் வீடு பக்கத்துத் தெருவிலேயே. ஒருவருக்கும் தூக்கமில்லை. கொசு என்றான் ஆல்வின். புழுக்கம் என்றேன் நான். ஜப்பார் அண்ணன் காதைக் குடைந்துகொண்டே, “இன்னா ஊரும்மா இது, காதுல பஞ்சு வெச்சு அடைச்ச மாதிரி கீது,” என்றார். வெளியே பஸ்ஸும் ரிக்‌ஷாவும் அலறிக்கொண்டிருந்தன.


ஏப்ரல் 18, வியாழன்

ஸ்டூடியோ. கனத்த திரை, சுவரெல்லாம் தக்கை. கை தட்டினால் சத்தம் தட்டின இடத்திலேயே செத்துப்போகிறது. மூச்சு விடுவது கேட்கிறது.

நாங்கள் வாசித்தது கேவலமாக இருந்தது. ஹாலில் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிற பாட்டு. இங்கே தயாளன் தாளத்தில் ஓடுகிறான், திடீரென்று பின்தங்குகிறான், அவனைப் பிடிக்கப் போய் நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் விழுகிறோம். ரயில் களைப்பு என்றார் சம்பத் சார். நல்ல மனிதர், டீயும் பன்னும் வாங்கிக்கொடுத்தார்.


ஏப்ரல் 19, வெள்ளி

களைப்பு இல்லை. இன்று இன்னும் மோசம்.


ஏப்ரல் 20, சனி

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

சம்பத் சார் எங்களை உள்ளே கூப்பிட்டு டேப்பைப் போட்டுக்காட்டினார். ஒரே பாட்டை மூன்று தடவை வாசித்திருக்கிறோம், மூன்றும் மூன்று வேகம். ஒரே தடவைக்குள்ளேயும் மூன்று வேகம்.

“உங்க டிரம்மருக்குக் கை நல்லா இருக்கு. ஆனா காலப்பிரமாணம் நிக்கலை. சினிமாவுக்கு வாசிக்கிற நோயல்னு ஒருத்தரை திங்கட்கிழமை மதியத்துக்குச் சொல்லியிருக்கேன். அவர் வாசிச்சா ரெண்டு நாள்ல முடிச்சுடலாம். இல்லேன்னா இந்த ரெக்கார்டு வராது.” அதட்டவில்லை, தன்மையாகத்தான் சொன்னார்.

ஆல்வின் தரையைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜப்பார் அண்ணன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

“சரிங்க சார். அவரே அடிக்கட்டும். ரெக்கார்டு வந்தா போதும்,” என்றான் தயாளன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆல்வின் மேல், சம்பத் சார் மேல், எல்லோரையும்விட அதிகமாக சரிங்க சார் என்று சொன்ன அந்த மனிதன் மேல். சாவு அடி அவன் கொண்டுவந்தது. அதை இன்னொருவர் கை அடித்து ஊரார் கேட்பதா? எனக்கு டிரம்மர் யாராக இருந்தாலும் ஒன்றுதான். நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதற்காகச் சொல்கிறேன்.

சாப்பிடவில்லை. பசியில்லை.


ஏப்ரல் 21, ஞாயிறு

தயாளன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டான். சென்ட்ரலுக்கு எந்த பஸ் என்று அவனுக்குத் தெரியாது, அதனால் நானும் கூடப் போனேன். ஜப்பார் அண்ணனும் வந்தார். பஸ் வருவதற்குள் ஒரு டீ என்று முனைக்கடையில் உட்கார்ந்தோம். கடையை ஒட்டி ஒரு அச்சகம். முகூர்த்த மாதம் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தார்கள். டக், டக் என்று மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

தயாளன் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் விரல்கள் தம் பாட்டுக்குத் தகரத்தின் மேல் தட்ட ஆரம்பித்தன. அது சாவு அடி. நிறுத்தி நிதானமாக, ஊரில் எப்படி வருமோ அப்படி. ஜப்பார் அண்ணன் டீயை ஊதிக்கொண்டே அதன் மேல் தன் கவ்வாலியை முனக ஆரம்பித்தார். இரண்டும் ஒன்றோடொன்று உட்கார்ந்துகொண்டன. என் குதிகாலும் தரையைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன்.

உள்ளே காகிதம் மாற்ற மிஷினை நிறுத்தினார்கள். தயாளன் விரல்கள் நாலு தட்டுக்குள் தடுமாறின. ஜப்பார் அண்ணன் ராகம் தொங்கிவிட்டது.

நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

“மில்லு,” என்றேன்.

“இன்னா டீச்சர்?”

“மில்லுதான். நம்ம ஊர்ல ஹாலுக்குப் பின்னாடி மில்லு ஓடுதே. அதுக்குத்தான் நாம இத்தனை வருஷமா வாசிச்சிக்கினு இருக்கோம். இங்க மில்லு இல்ல.”

தயாளன் யோசித்தான். “மில்லு சத்தமா போடுது?” என்றான், நிஜமாகவே சந்தேகத்தோடு.

ஜப்பார் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். பிறந்த நாளிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருப்பதால் எங்களில் ஒருவருக்கும் அது கேட்டதேயில்லை. கல்யாண பேண்டு, ஞானப்பாட்டு, கவ்வாலி, சாவு அடி, ஆல்வினுடைய ராக் எல்லாமே அந்த மில் இடிக்கு மேல் கட்டினது. அதனால்தான் எந்தப் பாட்டை எந்தப் பாட்டோடு சேர்த்தாலும் சேர்ந்தது. நாங்கள் அதை எங்கள் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மிஷின் மறுபடி ஓடியது. தயாளன் விரல்கள் தானாக நேராகிவிட்டன. அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கிவிட்டது. மூன்று நாளாகத் தன் கைக்கு என்ன வந்தது என்று அவன் எப்படித் தவித்திருப்பான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“பெட்டிய எடுங்க. லாட்ஜுக்குப் போகலாம்,” என்றேன். சென்ட்ரல் பஸ் வந்து, நின்று, போயிற்று.

ஆல்வினிடம் சொன்னேன். நம்பவில்லை. பிறகு நம்பினான். “சரிக்கா, மில்லை ரயில்ல ஏத்திக்கினா வர முடியும்?”

“நான் ஓட்டறேன் மில்லை.”

இத்தனை நாளும் நான் எட்வின் காட்டிக்கொடுத்தபடி ஆல்வின் கிட்டார் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். நாளைக்கு அதெல்லாம் கிடையாது. மில் இடிக்கிற வேகத்தில், இடிக்கு ஒரு சுரம். அசையாமல்.

“அப்ப எனக்குப் பின்னாடி யாரு வருவாங்க?” என்றான் ஆல்வின்.

“நீ எங்களுக்குப் பின்னாடி வா.”

மதியம் முழுக்க லாட்ஜ் மொட்டை மாடியில் ஒத்திகை. தரையில் ஒரு பலகையைப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் தட்டிக்கொண்டே வாசித்தேன். குதிகால் கன்றிவிட்டது. அம்மாவின் சித்தி மகள் வெந்நீர் வைத்துக்கொடுத்தார், காரணம் கேட்டார், சொன்னேன், அவருக்குப் புரியவில்லை.


ஏப்ரல் 22, திங்கள்

நோயல் வருவது மதியம். காலை எங்களுடையது.

சம்பத் சாரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, ஆளுக்கொரு மூலையில் திரை கட்டி உட்கார வைக்கக் கூடாது, என் பேஸ் ஸ்பீக்கர் தயாளன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

“ஒரு மைக்கோட சத்தம் இன்னொரு மைக்ல விழும்மா. எல்லாம் கலந்துடும்.”

“கலக்கட்டும் சார்.”

இரண்டாவது, பாட்டுக்குப் பாட்டு நிறுத்தக் கூடாது. மில் எங்கள் ஊரில் பாட்டுக்குப் பாட்டு நிற்பதில்லை. இரண்டாம் பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். “டேப் நீளம் இருக்கு. தப்பு வந்தா?”

“வராது,” என்றேன். எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம் என்று தெரியவில்லை. மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வேறு என்ன சொல்ல முடியும்?

சிவப்பு விளக்கு எரிந்தது. நான் மட்டும் ஆரம்பித்தேன். ஒரு சுரம், குதிகால், ஒரு சுரம், குதிகால். தயாளன் குச்சியை எடுக்காமல் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் அவன் தோள் இறங்கியது. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

கல்யாண பேண்டு மெட்டைக் கிட்டாரில் ஆல்வின் ஊதினான், ஊதினான் என்றுதான் சொல்ல வேண்டும். அது முடிகிற இடத்தில் ஜப்பார் அண்ணன் ஆர்மோனியம் நுழைந்து கவ்வாலி. அவர் குரல் மேலே போய் நின்ற இடத்தில் ஞானப்பாட்டு. கோயிலில் நான் சிறுபிள்ளையிலிருந்து பாடுகிற மெட்டு, கிட்டார் அழ, டிரம்ஸ் கீழே உருள, நானே வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். நான் பாடுவதாக ஏற்பாடு இல்லை.

பிறகு சாவு அடி. தயாளன் குச்சிகளைப் போட்டுவிட்டுக் கையாலேயே அடித்தான். எங்கள் ஊரில் சுரங்கத்துக்குள் இறங்கிப்போய் வராதவர்களுக்கு எல்லாம் அடித்த கை அது. என் அப்பாவுக்கும் அடித்த கை. அப்போது அவனும் சிறு பையன், நானும் சின்னவள், சவப்பெட்டியோடு கல்லறைத் தோட்டம் வரைக்கும் நிறுத்தாமல் அடித்துக்கொண்டு வந்தான். அதை நான் இன்னும் மறக்கவில்லை என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆல்வின் அந்த அடியின் மேல் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து நீட்டிக்கொண்டே போனான். வேண்டாம் என்று சண்டை போட்டவன், முகமெல்லாம் கண்ணீர்.

நிறுத்தாமல் அப்படியே ‘கேஜ் மேலே வருது’. வேகம் மாறவில்லை, அதே இடிதான், ஆனால் எல்லாம் மேலே ஏறியது. நாலு பேரும் கத்திப் பாடினோம். தயாளன் பாடுவதை இன்றுதான் கேட்டேன். அடிக்கவே பிறந்தவன், பாட அல்ல. இருந்தாலும் பாடினான்.

பாட்டு முடிந்தது. விளக்கு அணைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சம்பத் சார் எழுந்து நின்றுகொண்டிருந்தார், அவர் பக்கத்தில் டாம்பரின் என்கிற சலங்கைத் தட்டு நீட்டிக்கொண்டிருக்கிற பையோடு ஒருவர். நோயல். சீக்கிரமே வந்து பாதியிலிருந்து கேட்டிருக்கிறார்.

கதவைத் திறந்துகொண்டு நேராகத் தயாளனிடம் வந்து கையைப் பிடித்தார். “என்னை எதுக்குய்யா கூப்பிட்டாங்க?” என்றார். பிறகு சம்பத் சார் பக்கம் திரும்பி, “வந்தது வந்துட்டேன், முதல் பக்கத்துல டாம்பரினாவது தட்டிட்டுப் போறேன். இவரு அடிக்கட்டும்.”

மதியமே முதல் பக்கத்தில் மூன்று பாட்டு முடிந்தது. சம்பத் சார் என்னிடம் வந்து, “அம்மா, நான் சொன்னது தப்பு,” என்றார். அவர் காதில் விழுந்ததைத்தானே அவர் சொன்னார். எங்கள் காதில் விழாததை நாங்கள் சொல்லாததுதான் தப்பு என்றேன்.

தயாளன் இரண்டு டீ வாங்கிவந்தான். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு நின்றான். “டீச்சர்,” என்றான். நான் வாங்கிக் குடித்தேன். டீயில் சர்க்கரை அதிகம். நன்றாக இருந்தது.


ஏப்ரல் 26, வெள்ளி

ஊர். இறங்கினதும் மில் கேட்டது. நாலு பேரும் பிளாட்பாரத்தில் நின்று கேட்டோம். கூலிக்காரர் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.


ஜூன் 12, புதன்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. சம்பத் சார் மைன்ஸ் ஆபீஸுக்கு டிரங்க் கால் போட்டு என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். கடையில் எந்த வரிசையில் வைப்பது என்று கேட்கிறார்களாம், ராக் என்றால் ராக் இல்லை, பக்தி என்றால் பக்தி இல்லை. அட்டையில் என்ன வகை என்று அச்சடிப்பது?

“தங்கவயல்னு போடுங்க சார்,” என்றேன்.

“அது ஊராச்சேம்மா?”

“ஆமா சார்.”

‘தங்கவயல்’ என்று ஒரு தடவை சொல்லிப்பார்த்தார். பிறகு சிரித்தார். போடுகிறேன் என்றார். இதை ஆல்வினிடமோ மற்றவர்களிடமோ கேட்காமலே சொல்லிவிட்டேன் என்பது வகுப்புக்குத் திரும்பின பிறகுதான் நினைவுக்கு வந்தது.


ஆகஸ்ட் 18, ஞாயிறு

இசைத்தட்டு வந்துவிட்டது. மாலை இன்ஸ்டிட்யூட் ஹாலில் ஒலிபெருக்கி வைத்துப் போட்டார்கள். காலை ஷிஃப்ட் ஆட்கள், பாதிரியார், ஹெட்மிஸ்ட்ரஸ், ஜப்பார் அண்ணன் தெரு முழுக்க, தயாளனுடைய கிழக்குக் காலனி முழுக்க. அம்மா முன்வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தீர்ப்புச் சொல்ல வந்தவர் மாதிரி.

முதல் பக்கத்துக்கு இளவட்டங்கள் ஆடினார்கள். இரண்டாம் பக்கம் ஆரம்பித்ததும் கல்யாண பேண்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள். கவ்வாலிக்கு ஜப்பார் அண்ணன் தெரு கை தட்டியது, கோயில் கூட்டம் அடுத்து தங்கள் பாட்டு வரும் என்று காத்திருந்தது, காத்திருந்தபடியே அதுவும் கை தட்ட ஆரம்பித்துவிட்டது. ஞானப்பாட்டை ஹாலே பாடியது, தொப்பி போட்டவர்களும் திருநீறு பூசினவர்களும் சேர்ந்து.

சாவு அடி வந்தது. ஆட்டம் நின்றது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கைப்பையைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். அம்மா நின்றதும் பின்னால் வரிசை வரிசையாக எல்லோரும் நின்றார்கள், ஹால் முழுவதும், ஒரு இருமல்கூட இல்லாமல். அவரவர் வீட்டில் வராமல் போனவர்களை நினைத்திருப்பார்கள். அது முடிந்து ‘கேஜ் மேலே வருது’ ஆரம்பித்தபோது அந்த ஹாலில் எழுந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

தட்டு முடிந்து ஊசி தூக்கப்பட்டது. கை தட்டல் நிற்கவில்லை. அதே இடியில், அதே வேகத்தில் தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆல்வின் மேடைக்கு ஓடி கிட்டாரை மாட்டினான். ஜப்பார் அண்ணனைத் தூக்கிக்கொண்டே போய் உட்கார வைத்தார்கள். தயாளன் டிரம்ஸில் உட்கார்ந்து என் பேஸ் கிட்டாரை எடுத்து நீட்டினான்.

அம்மா என் முதுகைத் தொட்டார். “போடி,” என்றார். “அந்தப் புள்ள எவ்ளோ நேரம் கையை நீட்டிக்கினு இருப்பான்?”

ஏறினேன். கிட்டாரை வாங்கிக்கொண்டேன். அப்படியே தயாளன் முகத்தைப் பார்த்து, வாய் நிறையச் சிரித்தேன். கீழே ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

பார்க்கட்டும்.